கைமாறின டைவ் கம்ப்யூட்டரும் ஏலகிரி நிச்சயதார்த்தமும்

பாலாத்துல தண்ணி வந்தா பேப்பர்ல போட்டோவோட நியூஸ் வர்ற ஊர்ல, இத்தனை வருஷம் ஸ்கூபா சொல்லிக் கொடுத்தவ நான். சிரிங்க, சிரிங்க. நீங்களும் அதே பொழைப்புக்குத்தான் இன்ஸ்ட்ரக்டர் கார்டு வாங்கிட்டு எதிர்ல உட்கார்ந்திருக்கீங்க. வேலூர் நீச்சல் குளத்துல சில வாரம் முக்கி முக்கி எடுக்கணும். அப்புறம் வேன் பிடிச்சுப் புதுச்சேரிக்குக் கூட்டிட்டுப் போய்க் கடல்ல இறக்கணும். இதான் நம்ம தொழில். லாங் பஜார்ல ஒரு கடைக்காரர் ஒரு நாள், "மேடம் இன்னா வேலை பண்றீங்க?"ன்னு கேட்டார். "ஆளுங்களைக் கடலுக்கு அடியில கூட்டிட்டுப் போறேன்"னேன். மனுஷன் பொட்டலம் கட்டறதை நிறுத்திட்டு, "திரும்பக் கூட்டிட்டு வந்துடறீங்களா?"ன்னார். நம்ம ட்ரெயினிங் புத்தகம் தலகாணி சைஸுக்கு எழுதி வச்சிருக்கறதை அவர் ஒரே வரியில கேட்டுட்டார்.

ரிட்டயர் ஆனவங்க ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுவாங்கன்னு நம்பி உங்க மேனேஜர் என்னைக் கூப்பிட்டிருக்கார். நல்ல மனுஷன். என்னைப் பத்தி யார்கிட்டயும் விசாரிக்கல போலிருக்கு.

வெளிய டீ குடிக்கும்போது உங்க சண்டை காதுல விழுந்துச்சு. ஒரு கோஷ்டி, "டேபிள் எல்லாம் எதுக்கு, மியூசியத்துல வைங்க"ன்னுது. இன்னொரு கோஷ்டி, "டேபிள் பார்க்கத் தெரியாதவன் டைவரே இல்ல"ன்னுது. ரெக்கார்ட் பண்ணி ஊருக்கெல்லாம் அனுப்பப் போறாராம் உங்க மேனேஜர், அதனால தெரியாதவங்களுக்காகச் சொல்லிடறேன். தண்ணிக்கு அடியில அழுத்தமான காத்தை இழுக்கறோம். அதுல இருக்கற நைட்ரஜன் உடம்புல கரையும். ஆழம் ஜாஸ்தி ஆனா, நேரம் ஜாஸ்தி ஆனா, கரையறதும் ஜாஸ்தி. அவசரமா மேல வந்தா, மூடி திறந்த சோடா மாதிரி உள்ளுக்குள்ள குமிழ் விடும். மூட்டுல விட்டா வலி, மூளையில விட்டா நீங்களே நினைச்சுக்கோங்க. எவ்வளவு ஆழத்துல எவ்வளவு நேரம் இருக்கலாம்னு பிளாஸ்டிக் அட்டையில கட்டம் கட்டமா அச்சடிச்சு வச்சா அது டேபிள். அதே கணக்கைக் கைக்கடிகாரம் மாதிரி ஒண்ணு நொடிக்கு நொடி போட்டுச் சொன்னா அது டைவ் கம்ப்யூட்டர். இவ்வளவுதான் விஷயம். இதுக்குத்தான் ரெண்டு கோஷ்டியும் டீ ஆறிப் போற வரைக்கும் கத்தினீங்க.

நான் எந்தக் கட்சின்னு கேக்காதீங்க. ரெண்டு கட்சியையும் பக்கத்துல இருந்து பார்த்தாச்சு. எங்க சீனியர் ஒருத்தர் டேபிளை ஜெபம் மாதிரி மனப்பாடம் பண்ணி வச்சிருந்தார். சர்ச்ல பாஸ்டர் பதினெட்டாம் சங்கீதம்னா அவருக்குப் பதினெட்டு மீட்டர்தான் ஞாபகம் வரும். ஒரு நாள் கண்ணாடியை மறந்துட்டு வந்து, டேபிள்ல ஒரு வரி தள்ளிப் படிச்சு, ரொம்ப பக்தியோட தப்பான நேரத்தைச் சொன்னார். நல்லவேளை, அன்னிக்குக் காத்து ஏறிடுச்சுன்னு போட்காரர் கடலுக்கே வர மாட்டேன்னுட்டார். கம்ப்யூட்டர் கட்சி அதுக்குமேல. அதைக் கையில கட்டின நிமிஷமே மூளையைக் கழட்டி பேக்ல வச்சுடுவாங்க.

அப்படிப்பட்ட ரெண்டு ஸ்டூடண்ட்ஸ்தான் சாதிக்கும் நௌஷாத்தும். பேரை மாத்தித்தான் சொல்றேன், விசாரிக்கக் கிளம்பாதீங்க. ஆம்பூர் பக்கம் ஷூ ஃபேக்டரி வச்சிருக்கற குடும்பம். சாதிக் அண்ணன். ஏற்றுமதியைப் பார்த்துக்கறவன். வெளிநாட்டுத் தோல் கண்காட்சிக்குப் போனவன் ஆர்டரோட சேர்த்து ஒரு டைவ் கம்ப்யூட்டரையும் வாங்கிட்டு வந்தான். அதுல என்னென்ன இருக்குன்னு அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் ஒரு பேட்சுக்கே க்ளாஸ் எடுத்து முடிச்சிருப்பேன். நௌஷாத் தம்பி. ஃபேக்டரியில தோல் தரம் பார்க்கற வேலை. வாயைத் திறந்து பேச மாட்டான். இடிச்சுக்கிட்டா "ஸ்"னு கூடச் சொல்ல மாட்டான். அவனுக்குப் பேரணாம்பட்டுப் பொண்ணு ரிஹானாவைப் பேசி முடிச்சிருந்தாங்க.

நிச்சயம் எங்கன்னா ஏலகிரி மலையில, ஒரு ரிசார்ட்ல. எப்பன்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அதே ஞாயித்துக்கிழமை காலையில என்னோட கடல் க்ளாஸ். மழையால ரெண்டு தடவை தள்ளிப் போன க்ளாஸ். "நிச்சயத்துக்கு முன்னாடி டைவர் கார்டு வாங்கிடணும் மேடம்"னு நௌஷாத் பிடிவாதம். காலையில கடலுக்கு அடியில, சாயங்காலம் மலை உச்சியில. உலகத்துல எந்த டூர்க்காரனுக்கும் தோணாத பேக்கேஜ்.

சனிக்கிழமையே சொன்னேன்: "டைவ் பண்ண அன்னிக்கு மலை ஏறக் கூடாது. மேல போகப் போக காத்தழுத்தம் கம்மியாகும், உடம்புல மிச்சம் இருக்கற வாயு குமிழ் விடும். ப்ளேன் ஏறக் கூடாதுங்கறது இதனாலதான்."

சாதிக் யோசிச்சுட்டு, ரொம்ப மரியாதையா சொன்னான்: "நாங்க ப்ளேன்ல போகல மேடம். கார்லதான் போறோம்."

என்னத்தைச் சொல்ல! உடம்புக்குக் காரும் ப்ளேனும் தெரியாதுடா, உயரம்தான் தெரியும்னு விளக்கினேன். "சரி மேடம். ஃபங்ஷனைக் கீழ, மலை அடிவாரத்துல ஒரு மண்டபத்துக்கு மாத்திடறேன். இப்பவே போன் பண்றேன்"னான். போனை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போனான். திரும்பி வந்து, "பேசிட்டேன்"னான்.

ஞாயித்துக்கிழமை காலை. போட் ஏறறதுக்கு முன்னாடி பொங்கல், வடைன்னு ஒரு கட்டு கட்டினான் சாதிக். கடல் தன் வேலையைக் காட்டிடுச்சு. முதல் டைவுக்கு நானும் நௌஷாத்தும் இறங்கும்போது அண்ணன்காரன் போட் ஓரமாத் தலையைத் தொங்கப் போட்டுக் கிடந்தான். அவனோட வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் பையில பத்திரமா இருந்துச்சு. நௌஷாத் கையில டைவ் சென்டரோட வாடகைக் கம்ப்யூட்டர். நல்ல ஆழமான டைவ். பையன் அழகாப் பண்ணான்.

மேல வந்து, ஓய்வு எடுத்து, மறுபடி ரெண்டு பேரும் இறங்கினோம். முதல் டைவ்ல சேர்ந்த வாயு உடம்புல பாதி அப்படியே இருக்கும், அதனால ரெண்டாவதுல நேரம் கம்மின்னு போட்லயே சொல்லிட்டுத்தான் இறங்கினேன். கீழ பாறை இடுக்குல பெரிய களவா மீன் ஒண்ணு நின்னுச்சு. நௌஷாத் அதையே பார்த்துக்கிட்டு எனக்கும் கீழ இறங்கிட்டான். என் கம்ப்யூட்டர்ல மிச்ச நேரம் கரைஞ்சுக்கிட்டே வருது. "மேல போலாம்"னு கட்டைவிரலைக் காட்டினேன். அவன் தலையாட்டினான், போகலாம்னு இல்ல, வேண்டாம்னு. மணிக்கட்டைத் தூக்கி என் மூஞ்சிக்கு நேரா நீட்டினான். ட்ராஃபிக் போலீஸ்கிட்ட லைசென்ஸ் நீட்டற தோரணை.

அதுல நேரம் தாராளமா இருந்துச்சு.

பசங்களா, இந்த இடத்தை நல்லாக் கவனிங்க. ஒரே கடல். காலையில இருந்து ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இறங்கினோம், ஒண்ணாத்தான் ஏறினோம். இப்போ அவன் எனக்கும் கீழ நிக்கறான். என்னுது "கிளம்பு"ங்குது, அவனுது "இருந்து சாப்பிட்டுட்டுப் போ"ங்குது. எது சரின்னு அங்க பட்டிமன்றம் நடத்த முடியாது. அப்பதான் அந்தப் பட்டையைப் பார்த்தேன். நல்ல ஆரஞ்சு கலர் பட்டை. வாடகைக் கம்ப்யூட்டர் பட்டை கறுப்பு. காலையில சாதிக்கோட போட்லயே படுத்துக் கிடந்த கம்ப்யூட்டர் அது. அதுக்குத் தெரிஞ்சு இன்னிக்கு இதான் முதல் டைவ். அது பொய் சொல்லல, அண்ணனோட கணக்கைத் தம்பிக்குச் சொல்லிட்டு இருந்துச்சு.

கோபம் வந்துச்சு பாருங்க! வாயில மூச்சு விடற ரெகுலேட்டர் இல்லன்னா அந்த மீனுக்கே காது கேட்டிருக்கும். ஆனா கோபத்துல விறுவிறுன்னு மேல இழுத்துட்டு வந்தா நானே அவனைக் கெடுத்த மாதிரி ஆகும். அவன் ஜாக்கெட்டை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு மெதுவா, மெதுவா ஏத்தினேன். மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழ, வாயு வெளிய போகட்டும்னு வழக்கமா நிக்கற இடத்துல, வழக்கத்தை விட ரொம்ப நேரம், சிலிண்டர்ல காத்து இருக்கற வரைக்கும் நிறுத்தினேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, ஸ்கூல்ல வெளிய முட்டி போட வச்ச டீச்சரைப் பார்க்கற மாதிரி.

போட்ல ஏறினதும் கேட்டேன். வாடகைக் கம்ப்யூட்டர் பேட்டரி செத்துப் போச்சாம். என்கிட்ட சொன்னா ரெண்டாவது டைவ் கிடையாதுன்னு தெரியுமாம். நான் சிலிண்டர் மாத்திட்டு இருக்கும்போது பாய்ஜான், அதான் அண்ணன்காரன், தன் பையில இருந்து எடுத்துக் கட்டி விட்டாராம்.

"க்ளாஸ்ல இன்னா சொன்னேன்? பல்லு விளக்கற பிரஷ் மாதிரி, ஒருத்தர் கம்ப்யூட்டரை இன்னொருத்தர் தொடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

நௌஷாத் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னான்: "ஃபேக்டரியில தோல் கனம் பார்க்கற கேஜ் ஒண்ணுதான் மேடம். ஷிஃப்ட்ல எல்லாரும் அதைத்தான் யூஸ் பண்றோம். யார் கையில இருந்தாலும் சரியாத்தானே காட்டுது?"

எனக்கு வந்த கோபம் அப்படியே நின்னு போச்சு. ஏன்னா அவன் ஏமாத்தணும்னு பண்ணல. பிறந்ததுல இருந்து பார்த்த கருவி எல்லாம் அப்படி. கேஜை எந்தத் தோல்ல வச்சாலும் அந்தத் தோலோட கனத்தைச் சொல்லும். இதையும் யார் கையில கட்டினாலும் அவங்க ரத்தத்தை மோந்து பார்த்துச் சொல்லிடும்னு நினைச்சுட்டான். அது ரத்தத்தைப் பார்க்கறதே இல்ல. தான் எவ்வளவு ஆழம் போச்சு, எவ்வளவு நேரம் இருந்துச்சுங்கறதை வச்சு, கட்டியிருக்கறவன் கூடவே இருந்தான்னு நம்பிக் கணக்குப் போடுது. அவ்வளவு வெகுளி அது.

பிளாஸ்டிக் அட்டையை எடுத்தேன். நௌஷாத்தோட காலை டைவ், ஓய்வு நேரம், ரெண்டாவது டைவ், எல்லாத்தையும் விரலை வச்சு வரிசையா ஓட்டிட்டு வந்தா, விரல் கட்டத்தைத் தாண்டி வெளிய போய் நிக்குது. அதாவது அவன் இருந்த நேரத்துக்கு அட்டையில இடமே இல்ல. டேபிள் கோஷ்டி இப்போ கை தட்டலாம். ஆனா ஒண்ணு, அட்டை எப்பவுமே மிரட்டித்தான் சொல்லும், முழு நேரமும் அடி ஆழத்துலயே இருந்தான்னு வச்சுத்தான் கணக்கு. அதனால பையனுக்கு ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ஆகவும் செய்யலாம். இதைத் தீர்மானமா சொல்ற அட்டையையும் மெஷினையும் யாராச்சும் கண்டுபிடிச்சா எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க.

"உடம்பு எப்படிடா இருக்கு?"ன்னேன். "சூப்பர் மேடம்"னான். சாதிக் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, "இதுவும் ஓகேன்னுதான் காட்டுது"ன்னான். போட்காரர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கிட்டுச் சிரிச்சார்.

மத்தியானம் என் வேன்லயே ஏத்திக்கிட்டேன், பின்னாடி ஆக்சிஜன் சிலிண்டர் கட்டி வச்ச வேன். அடிவாரத்துல ஃபங்ஷன்னு சொல்லியிருக்காங்களே, இறக்கி விட்டுட்டு ஒரு வாய் பிரியாணி சாப்பிட்டுட்டு வேலூர் போகலாம்னு கணக்கு. விழுப்புரம், திருவண்ணாமலை, திருப்பத்தூர் வழியா வந்தோம். முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாடி ஒரு டீக்கடை. அங்க வந்து பார்த்தா மண்டபமும் இல்ல, தோரணமும் இல்ல, ஒரு ஈ காக்கா இல்ல.

"எங்கடா ஃபங்ஷன்?"

சாதிக் மலையைப் பார்த்துக் கையைக் காட்டினான். "மேலதான் மேடம். எல்லாரும் காத்துட்டு இருக்காங்க. பொண்ணோட அப்பா ரொம்ப ஸ்ட்ரிக்ட், அவர்கிட்ட எப்படி மாத்தச் சொல்றது? அரை மணி நேரம் மேல இருந்துட்டு உடனே இறங்கிடறோம்."

நான் வண்டியை ஆஃப் பண்ணிட்டு, சாவியை எடுத்துக் கைப்பையில போட்டுக்கிட்டேன். "இந்த வண்டி ஏறாது."

"அப்போ ஆட்டோ பிடிச்சுப் போறோம்."

"போங்க. போறதுக்கு முன்னாடி என்னை டயருக்குக் கீழ படுக்க வச்சுட்டுப் போங்க."

டீக்கடைக்காரர் ஸ்டவ்வைச் சின்னதாக்கிட்டார். அவருக்கு வேடிக்கை. சாதிக் கத்த ஆரம்பிச்சான். எங்க சொந்தத்துல ஒரு ஆள் கூட இனிமே உங்க க்ளாஸுக்கு வர மாட்டான்னான். சொந்தம்னா சும்மா இல்ல, வாணியம்பாடியில இருந்து ராணிப்பேட்டை வரைக்கும் சொந்தம். என் பாதி ஸ்டூடண்ட்ஸ் அந்த லிஸ்ட்ல இருந்தாங்க. போன் வேற வந்துக்கிட்டே இருக்கு. பொண்ணோட அப்பா ஸ்பீக்கர்ல, "மாப்பிள்ளைக்கு மலை ஏற முடியலன்னா எங்க பொண்ணு எதுக்கு?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். பையன் நல்லாத்தானே இருக்கான், ஒண்ணும் ஆகலன்னா ஒரு நிச்சயத்தைக் கெடுத்த பாவி நான்னு ஆயுசுக்கும் பேசுவாங்களேன்னு பயந்தேன். இந்த மாதிரி நேரத்துல யாரும் வந்து "நீங்க பண்றது சரி மேடம்"னு சொல்ல மாட்டாங்க. பழகிக்கோங்க.

அப்போ டீ வந்துச்சு. நௌஷாத் இடது கையால கிளாஸை வாங்கினான். வலது கை மடியில அப்படியே கிடக்கு. நான் பார்க்கறது தெரிஞ்சதும் கிளாஸைக் கை மாத்தப் பார்த்தான். முடியல, டீ கொட்டிடுச்சு.

"கை வலிக்குதா?"

"இல்ல மேடம்."

"முழங்கையா, தோளா?"

"ஒண்ணும் இல்ல மேடம். காலையில சிலிண்டர் தூக்கினது."

"டேய், சொல்லுடா"ன்னு சாதிக்கே இப்போ குரலைத் தாழ்த்திட்டான். "ஒண்ணும் இல்ல பாய்ஜான். நேரம் ஆகுது, போலாம்." நெத்தியில வேர்வை. நான் எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அவன் "இல்ல"ங்கறதைத் தவிர வேற வார்த்தை தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் வாயால சொல்லாம, மெட்ராஸ்ல இருக்கற ஆஸ்பத்திரிக்கு நான் எப்படி இழுத்துட்டுப் போறது? அந்தக் கம்ப்யூட்டரும் டேபிளும் எனக்கு அப்போ ஒரு பிரயோஜனமும் இல்ல.

மறுபடி போன். இந்தத் தடவை பேசினது ரிஹானா. சாதிக் தம்பிகிட்ட நீட்டினான், ஸ்பீக்கரை அணைக்கறதுக்கு அவனுக்குத் தோணல.

"நௌஷாத், அங்க இன்னாதான் நடக்குது? எங்க அப்பா ஒண்ணு சொல்றார், உங்க அண்ணன் ஒண்ணு சொல்றார். நீங்க சொல்லுங்க. உங்களுக்கு உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

பையன் மலையைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். "கை வலிக்குது"ன்னான். "ஜாஸ்தி வலிக்குது ரிஹானா. வேன்ல ஏறினதுல இருந்தே."

அந்தப் பக்கம் ரிசார்ட்ல பாட்டு ஓடறது கேக்குது.

"அப்போ ஏறாதீங்க"ன்னா. "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நீங்க எங்க இருக்கீங்களோ அங்க நான் எறங்கி வர்றேன்."

அதுக்கப்புறம் யாரும் வாதம் பண்ணல. நான் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டி அவனைச் சீட்ல படுக்க வச்சேன். சாதிக் கதவைச் சாத்திட்டு, ரொம்ப சின்னக் குரல்ல "சாவி, மேடம்"னு ஞாபகப்படுத்தினான். கைப்பையைக் கவிழ்த்துத் தேடிக்கிட்டு இருந்தது நான்தான். ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், எங்கயும் நிறுத்தல. மெட்ராஸ்ல ஒரு ஆஸ்பத்திரியில இரும்புத் தொட்டி மாதிரி ஒரு அழுத்த அறை இருக்கு. உள்ள படுக்க வச்சு, கடலுக்கு அடியில இருக்கற அழுத்தத்தைக் கொடுத்து, அவசரமே இல்லாம வெளிய கொண்டு வருவாங்க. அதுக்குள்ள அவனை அனுப்பினோம். டாக்டர் என்கிட்ட, "மலை ஏறியிருந்தா கையோட நின்னிருக்காது"ன்னார்.

மறுநாள் காலையில ரெண்டாவது தடவை உள்ள விட்டிருந்தாங்க. ரிஹானா அவ அப்பாவோட வந்தா. கையில மருதாணி, கண்ணு வீங்கியிருக்கு. அப்பாக்காரர் என்னை முறைக்கத்தான் வந்தார். கண்ணாடி வழியா உள்ள படுத்திருக்கறவனைப் பார்த்ததும் அப்படியே பெஞ்சுல உட்கார்ந்துட்டார். உள்ள இருக்கறவங்களோட பேச அங்க ஒரு போன் உண்டு, அவங்க பதில் ஸ்பீக்கர்ல எல்லாருக்கும் கேக்கும். சாதிக் அதை எடுத்துத் தானே பேசப் போனான், அப்புறம் அவகிட்ட கொடுத்துட்டான்.

"இப்போ வலிக்குதா? என்கிட்ட பொய் சொல்லக் கூடாது"ன்னா.

வலி சுத்தமா இல்லன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். "கம்மியாயிடுச்சு"ன்னான். "ஆனா இன்னும் கொஞ்சம் இருக்கு."

பசங்களா, கேட்டதும் மறைக்காம சொல்லிட்டான். முந்தின நாள் கடல்ல இருந்தே நெஞ்சுல நின்னுட்டு இருந்த மூச்சு எனக்கு அப்பதான் வெளிய வந்துச்சு.